குன்றுக் கோட்டைகளும் பழங்குகைகளும்: வாசகர் கேள்வி பதில்

வார இறுதியில் கொழும்பைவிட்டு மலைப்பக்கம் போய்வர விரும்பும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில், கோட்டைகளையும் குகைகளையும் பற்றியவற்றுக்கு இந்த இதழில் விடையளிக்கிறோம்.

கேள்வி: ஒரு சனி, ஞாயிறில் வான் பிடித்து நானும் கணவரும் இரண்டு பிள்ளைகளும் மாமியாரும் போகலாம் என்றிருக்கிறோம். சிகிரியா, தம்புள்ளை, பொலன்னறுவை, கண்டி, நுவரெலியா எல்லாவற்றையும் இரண்டு நாளில் காட்டிவிடலாம் என்று சாரதி சொல்கிறார். மாமியாருக்கு முழங்கால் வருத்தம். இது சரிவருமா? (வெள்ளவத்தை வாசகி)

பதில்: சாரதி சொல்வது பொய்யில்லை. அந்த ஐந்து ஊர்களின் பெயர்ப்பலகைகளையும் இரண்டு நாளில் காட்டிவிட அவரால் முடியும். ஆனால் பிள்ளைகள் பின் ஆசனத்தில் உறங்கிக்கொண்டும், மாமியார் வானுக்குள் காத்துக்கொண்டும் இருக்கும் பயணமாகவே அது முடியும். பொலன்னறுவையையும் நுவரெலியாவையும் இன்னொரு முறைக்கு விட்டுவிட்டு, தம்புள்ளை, சிகிரியா, மாத்தளை என்ற மூன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கொழும்பிலிருந்து குருநாகல் வழியாகத் தம்புள்ளைக்கு ஏறக்குறைய 150 கிலோமீற்றர். மத்திய அதிவேகப் பாதையின் மீரிகம – குருநாகல் பகுதி 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட பிறகு இந்த வழி முன்னைவிட இலகுவாகிவிட்டது. அங்கே உங்களுக்குப் பகை தூரமல்ல, வெயில். காலை பத்து மணிக்குப் பிறகு பிற்பகல் மூன்று மணி வரைக்கும் கருங்கல் பாறையில் பிள்ளைகளையும் வயதானவர்களையும் ஏற்றவே கூடாது. ஆகவே சனிக்கிழமை மதியத்தை விடுதியில் ஓய்வாகக் கழித்துவிட்டு, வெயில் இறங்கியபின் தம்புள்ளைக் குகைகளுக்கு ஏறுங்கள். ஞாயிறு காலை, வாயில் திறக்கும் நேரத்திலேயே சிகிரியாவில் நில்லுங்கள். பத்து மணிக்குள் இறங்கிவிட்டால் நாலந்தா, அளுவிகாரை, மாத்தளை, கண்டி வழியாக ஆறுதலாகக் கொழும்பு திரும்பலாம்.

உங்கள் மாமியாரைப் பற்றி ஒரு வார்த்தை. சிகிரியாவின் உச்சிக்கு ஏறத்தாழ 1,200 படிகள். அவரை ஏற்ற முயல வேண்டாம். ஆனால் ஏறாதவர் எதையும் பார்க்கவில்லை என்று நினைப்பது தவறு. மேற்கு வாயிலிலிருந்து உள்ளே வந்தால் முதலில் நீர்ப்பூங்கா. அங்குள்ள பழைய நீரூற்றுகள் மாரிக்காலத்தில் இன்றும் நீரைப் பீச்சுகின்றன. அதைத் தாண்டினால், பெரும் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கும் பகுதி வரும். அந்தப் பாறைகளுக்கு அடியில் உள்ள குகைகள்தான் சிகிரியாவில் மனிதர் விட்டுச்சென்ற மிகப் பழைய தடயங்களுள் அடங்குபவை. ஒரு குகையின் முன்னால் நின்று, நெற்றிப்பகுதியை அண்ணாந்து பாருங்கள். பாறை விளிம்பை ஒட்டி இடமிருந்து வலமாக ஒரு நீளமான வெட்டு ஓடும். மழைநீர் பாறையில் வழிந்து குகைக்குள் புகுந்துவிடாமல், அந்த வெட்டில் தடைப்பட்டு வெளியே சொட்டுவதற்காகச் செதுக்கியது அது. அதற்குக் கீழே சில குகைகளில் பிராமி எழுத்தில், இந்தக் குகையைப் பௌத்தத் துறவிகளின் சங்கத்துக்குக் கொடுத்தவர் இன்னார் என்று பொறித்திருக்கும். இந்த எழுத்துகள் கி.மு. மூன்றாம் நூற்றாண்டு முதல் கி.பி. முதலாம் நூற்றாண்டு வரையிலானவை. காசியப்பன் இங்கே அரண்மனை கட்டியது கி.பி. ஐந்தாம் நூற்றாண்டின் இறுதியில்தான். அவனுடைய ஆட்சி கி.பி. 477 முதல் 495 வரை, பதினெட்டே ஆண்டுகள். அதன்பின் இடம் மீண்டும் துறவிகளிடமே போய்ச் சேர்ந்தது.

நமது நாட்டுக் குன்றுகளைப் பார்க்கப் போகிறவர்கள் இந்த ஒழுங்கை மனத்தில் வைத்துக்கொண்டால் நல்லது. பெரும்பாலும் குகைதான் முதலில். கோட்டை பின்னால் வந்து, சில காலம் இருந்துவிட்டுப் போனது. எனவே கீழே நிழலில் நடக்கும் மாமியார், மேலே மூச்சிரைக்க ஏறுகிறவர்களைவிடப் பழைய சிகிரியாவைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

கேள்வி: சிகிரியா இராவணன் கட்டிய கோட்டை என்று பல காணொளிகளில் சொல்கிறார்கள். எல்லவில் இராவணன் குகை வேறு இருக்கிறது. தமிழர்களாகிய நாம் இதை எப்படி எடுத்துக்கொள்வது? (கொட்டாஞ்சேனை வாசகர்)

பதில்: இராவணனைப் பற்றிய கதைகள் நமக்குப் பிரியமானவை. ஆனால் பிரியம் வேறு, சான்று வேறு. சிகிரியாவில் இதுவரை தோண்டியெடுத்த எதுவும் இராவணனைச் சுட்டவில்லை. பழைய பாளி வரலாற்று நூலான சூளவம்சம் தரும் வரலாற்றின்படி, காசியப்பன் தன் தந்தை தாதுசேனனைக் கொன்று ஆட்சியைப் பிடித்தான். தம்பி முகலன் தென்னிந்தியாவுக்குத் தப்பியோடினான். அவன் படையோடு திரும்பிவருவான் என்ற அச்சத்திலேயே காசியப்பன் அநுராதபுரத்தைவிட்டு இந்தப் பாறைக்கு வந்தான். அச்சம் வீண்போகவில்லை. 495இல் முகலன் வந்தான். போரில் தோற்ற காசியப்பன் தன்னைத்தானே மாய்த்துக்கொண்டான். இந்தக் கதையே போதிய அளவு நாடகத்தன்மை உடையது. இன்னொரு பத்துத் தலையை அதற்குள் கொண்டுவரத் தேவையில்லை என்பது என் கருத்து.

அங்கே நேரம் செலவழிக்கத் தகுந்த இடம் ஓவியங்களுக்குக் கீழே இருக்கும் கண்ணாடிச் சுவர். செங்கல்லால் கட்டி, வெண்சாந்து பூசி, முகம் தெரியும் அளவுக்கு மெருகேற்றிய சுவர் என்பதால் அந்தப் பெயர். அரசன் போனபின் பல நூற்றாண்டுகளாக அங்கே வந்துபோன சாதாரண மக்கள், மேலே இருக்கும் ஓவியப் பெண்களைப் பார்த்த மயக்கத்தில், அந்தச் சுவரில் சிங்களக் கவிதைகளைக் கீறி வைத்தார்கள். பேராசிரியர் செனரத் பரணவிதான அவற்றில் 685 பாடல்களை வாசித்து 1956இல் வெளியிட்டார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய சுற்றுலாப் பயணிகள் இத்தனை பேர் பேசுவதைக் கேட்கக்கூடிய இடம் உலகில் அதிகமில்லை.

அவர்கள் எழுதினார்கள் என்பதற்காக நீங்களும் எழுத வேண்டாம். 2015இல் அந்தச் சுவரில் தன் பெயரைக் கீறிய கிழக்கிலங்கை இளம்பெண் ஒருவருக்கு இரண்டு ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டதும், பின்னர் ஜனாதிபதியின் பொதுமன்னிப்பில் அவர் விடுதலையானதும் பலருக்கு நினைவிருக்கும். தொல்பொருள் சட்டம் விளையாட்டல்ல என்பதைப் பிள்ளைகளுக்குப் புறப்படும் முன்பே சொல்லி வையுங்கள்.

எல்லவிலுள்ள இராவணன் குகையைப் பொறுத்தவரை, அங்கும் அகழ்வில் தெரியவந்தது கற்கால மனிதர் வாழ்ந்த தடயங்களே. படிகள் செங்குத்து, மழை பெய்திருந்தால் வழுக்கும். கதைக்காகப் போகிறவர்களுக்குக் குகை ஏமாற்றமளிக்கலாம். குளிருக்காகவும் தேயிலை மலைகளுக்காகவும் 1921இல் கட்டி முடிந்த ஒன்பது வளைவுப் பாலத்துக்காகவும் போகிறவர்களுக்கு எல்ல ஒருநாளும் ஏமாற்றமளிக்காது.

கேள்வி: கனடாவிலிருந்து அண்ணன் குடும்பம் வருகிறது. தம்புள்ளைக்கும் சிகிரியாவுக்கும் அழைத்துப் போகும்போது கவனிக்க வேண்டியவை என்ன? (தெஹிவளை வாசகர்)

பதில்: முதலாவது பணம். சிகிரியாவில் வெளிநாட்டவருக்கு அனுமதிச்சீட்டு டொலர் கணக்கில்; உள்நாட்டவருக்கு அதில் ஒரு சிறு பங்குதான். தமிழ் பேசுகிறார், இங்கே பிறந்தவர் என்பது சீட்டு விற்பவருக்குப் பொருட்டல்ல. கையில் தேசிய அடையாள அட்டையோ இலங்கைக் கடவுச்சீட்டோ இருக்கிறதா என்பதையே அவர் பார்ப்பார். உங்கள் அடையாள அட்டையை மறக்காமல் கொண்டு செல்லுங்கள். அண்ணனிடம் தொகையை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்; வரிசையில் நின்று வாக்குவாதப்படுவது அழகல்ல.

இரண்டாவது உடை. தம்புள்ளை வழிபாட்டிடம். தோளும் முழங்காலும் மறைந்திருக்க வேண்டும். சப்பாத்தைக் கழற்றிக் கீழே கொடுத்துவிட்டே ஏற வேண்டும். மாலைவரை சூடு தாங்கிய பாறையில் வெறுங்காலோடு நடக்கப் பழகாத பிள்ளைகளுக்குக் காலுறை போட்டுவிடுவது நல்லது. புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று படமெடுப்பது அவமதிப்பாகக் கொள்ளப்படும். பொலிஸ் வரைக்கும் போன சம்பவங்கள் உண்டு. சிகிரியா ஓவியங்களைப் படமெடுக்கவும் அனுமதியில்லை.

மூன்றாவது குளவி. சிகிரியாவின் சிங்கப்பாத மேடைக்கு மேலே பாறையில் பெரிய கூடுகள் தொங்கும். சத்தம்போட வேண்டாம் என்ற அறிவிப்பு அலங்காரத்துக்கு வைத்ததல்ல. கலைந்தால் ஒதுங்குவதற்காகவே அந்த மேடையில் வலையடித்த கூண்டு இருக்கிறது. வாசனைத் தைலம் பூசிக்கொண்டு போகாமலிருப்பதும் புத்தி.

கேள்வி: தம்புள்ளைக் குகை, தமிழ்ப் படையெடுப்புக்குப் பயந்த அரசன் ஒளிந்த இடம் என்று பாடப்புத்தகத்தில் படித்தேன். அங்கே போய் நமக்குப் பார்க்க என்ன இருக்கிறது? (மட்டக்குளி வாசகி)

பதில்: உங்கள் கேள்வியிலுள்ள மனக்கசப்புப் புரிகிறது. ஆனால் குகைக்குள் போய்ப் பார்த்தால் பாடப்புத்தகத்தின் கோடுகள் அவ்வளவு நேராக இருப்பதில்லை என்பது தெரியும். கி.மு. முதலாம் நூற்றாண்டில் வலகம்பா மன்னன் ஆட்சியை இழந்து பதினான்கு ஆண்டுகள் மறைந்து வாழ்ந்ததாகவும், மீண்டும் அரியணை ஏறியபின் தனக்குப் புகலிடம் தந்த குகைகளை விகாரையாக்கியதாகவும் மரபு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் நிசங்கமல்லன் சிலைகளுக்குப் பொன்முலாம் பூசுவித்தான். இரண்டாம் குகையில் இந்த இரு அரசர்களின் சிலைகளோடு விஷ்ணுவும் இருக்கிறார். அந்தக் குகையின் கூரையிலிருந்து சொட்டும் நீரை ஒரு பாத்திரத்தில் ஏந்திப் புனித நீராகக் கொள்கிறார்கள்.

மூன்றாம் குகைதான் நீங்கள் நின்று பார்க்க வேண்டியது. அதை உருவாக்கியவர் 1747 முதல் 1782 வரை கண்டியை ஆண்ட கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன். இவர் தென்னிந்தியாவிலிருந்து வந்த நாயக்க வம்சத்தவர். கண்டி அரசவையின் கடைசி நான்கு மன்னர்களும் அந்த வம்சத்தவரே. தமிழ்ப் படையெடுப்புக்கு அஞ்சிய அரசன் ஒளிந்த பாறையில், பதினெட்டு நூற்றாண்டுகள் கழித்துத் தென்னிந்தியாவிலிருந்து வந்த குடும்பத்தின் அரசன் புத்தருக்குப் புதுக் குகை அமைத்து, தன் சிலையையும் ஒரு மூலையில் நிறுத்தியிருக்கிறார். நாம் இன்று காணும் கூரை ஓவியங்களில் பெரும்பகுதி அவர் காலத்துக் கண்டிப் பாணி. பாறை எப்படி மேடும் பள்ளமுமாக வளைகிறதோ அப்படியே ஓவியமும் வளைந்து போவதால், கூரை முழுவதும் துணி விரித்துக் கட்டியதுபோல் தோன்றும். குகைகளுக்கு முன்னால் உள்ள வெள்ளை நிற முகப்பு மட்டும் 1938ஆம் ஆண்டைச் சேர்ந்தது. புகைப்படங்களில் அதுவே முதலில் கண்ணில் படுவதால் பலர் அதைப் பழமையானது என்று எண்ணிவிடுகிறார்கள்.

திரும்பும் வழியில் நாவுலவைத் தாண்டி நாலந்தா கெடிகே இருக்கிறது. திராவிடக் கட்டடப் பாணியில் கல்லால் எழுப்பிய, ஆனால் பௌத்தத்துக்கும் உரிய சிறு கோயில்; போவத்தென்ன நீர்த்தேக்கத்தில் மூழ்காதபடி கல் கல்லாகப் பிரித்து உயரமான இடத்தில் மறுபடியும் கட்டினார்கள். அதற்கடுத்து, மாத்தளைக்குச் சற்று முன்னால் அளுவிகாரை. அதுவரை வாய்வழியாக வந்த பௌத்த மறைநூலான திரிபிடகத்தை வலகம்பா காலத்தில் ஓலையில் எழுதி வைத்தது அங்குள்ள குகைகளில்தான். 1848 மாத்தளைக் கலவரத்தின்போது அங்கிருந்த நூலகம் அழிந்தது.

இந்தத் தம்புள்ளை – மாத்தளைத் தெருவில் வாகனத்தில் போகும்போது பிள்ளைகளிடம் இன்னொன்றையும் சொல்லுங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழ்நாட்டிலிருந்து கூட்டிவரப்பட்ட மக்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளையைக் கடந்து மாத்தளை வரைக்கும் நடந்தே வந்தார்கள். காய்ச்சலிலும் பேதியிலும் வழியில் மாண்டவர்கள் ஏராளம். வந்து சேர்ந்தவர்கள் கும்பிட்ட மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் பிரதான வீதியிலேயே இருக்கிறது. குகைகளுக்கு ஒதுக்கிய நேரத்தில் அரை மணித்தியாலத்தைக் குறைத்தாவது அங்கே இறங்குங்கள்.

கேள்வி: நாங்கள் நான்கு நண்பர்கள். கையில் பணம் குறைவு. ரயிலில் போய், கூட்டமில்லாத ஒரு கோட்டையைப் பார்க்க வேண்டும். (வத்தளை வாசகர்)

பதில்: யாப்பஹுவவுக்குப் போங்கள். கோட்டை ரயில் நிலையத்திலிருந்து வடக்கு மார்க்கத்தில் ஏறி, குருநாகலுக்கு அப்பால் மஹவ சந்தியில் இறங்கினால், அங்கிருந்து ஓட்டோவில் சிறிது தூரம். யாழ்ப்பாணத்துக்கும் மட்டக்களப்புக்கும் திருகோணமலைக்கும் ரயிலில் போகும் நம்மவர்கள் அத்தனை பேரும் மஹவவைக் கடந்துதான் போகிறார்கள். இறங்கிப் பார்த்தவர்கள் சிலரே.

ஏறத்தாழ 90 மீற்றர் உயரமான அந்தப் பாறையை, பதின்மூன்றாம் நூற்றாண்டில் கலிங்க மாகனின் படையெடுப்பை எதிர்த்து நின்ற ஒரு தளபதி முதலில் அரணாக்கினான். பின்பு முதலாம் புவனேகபாகு (1272 – 1284) அதைத் தலைநகராக்கினான். அவன் காட்டுக்குள் ஒடுங்கியிருந்த அரசனல்ல. 1283இல் எகிப்தின் மம்லுக் சுல்தானிடம் வணிகத் தூது அனுப்பியவன். அகழ்வில் சீனப் பாத்திரங்களின் துண்டுகளும் கிடைத்திருக்கின்றன.

ஆனால் அங்கே கண்ணைக் கட்டிப்போடுவது படிக்கட்டு. முதல் இரண்டு கட்டங்கள் சாதாரணமானவை. மூன்றாவது கட்டம் செங்குத்தாக எழுந்து, இரு மருங்கும் சிங்கங்களோடு வாயிலில் போய் முடிகிறது. அந்தச் சிங்கம் முன்பு புழக்கத்திலிருந்த பத்து ரூபாத் தாளிலும் இருந்தது. வாயில் சுவரின் அடிப்பகுதியில் ஆடுவோரும் மத்தளம் கொட்டுவோரும் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். அவர்களைப் பார்த்தால் பாண்டிய நாட்டுக் கோயிலொன்றின் சாயல் உடனே தெரியும். வாயிலில் பொருத்தியிருந்த கற்சாளரங்களில் ஒன்று, ஒரே கல்லில் துளைத்துச் செதுக்கியது, இப்போது கொழும்பு தேசிய அரும்பொருட்காட்சியகத்தில் இருக்கிறது. பயணத்துக்கு முதல் வாரம் அங்கே போய் அதைப் பார்த்துவிட்டுப் போனால், வாயிலில் நிற்கும்போது வெறுமையாகத் தெரியும் இடத்தை உங்கள் கண்ணே நிரப்பிக்கொள்ளும்.

பாண்டியச் சாயலுள்ள இந்த வாயிலைப் பாண்டியப் படையே உடைத்தது என்பது வரலாற்றின் வேடிக்கை. குலசேகர பாண்டியன் அனுப்பிய ஆரியச்சக்கரவர்த்தி என்ற தளபதி யாப்பஹுவவைப் பிடித்து, புத்தரின் பல்லாகப் போற்றப்படும் புனித தந்தத்தைப் பாண்டிநாட்டுக்குக் கொண்டுபோனான். யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகளின் பெயரை அறிந்தவர்களுக்கு இந்தப் பெயர் புதிதாக இருக்காது. மூன்றாம் பராக்கிரமபாகு நேரில் போய்க் கேட்டுத்தான் தந்தத்தைத் திரும்பப் பெற்றான். யாப்பஹுவ அதன்பின் தலைநகராகவில்லை. அங்கும் துறவிகளே வந்து சேர்ந்தார்கள். படிக்கட்டைப் பார்த்த களைப்பில், அடிவாரத்திலுள்ள ஓவியக் குகை விகாரையைத் தவறவிட வேண்டாம்.

தண்ணீர்ப் போத்தல்களைக் கொழும்பிலிருந்தே எடுத்துச் செல்லுங்கள். உச்சியில் நிழல் குறைவு. திரும்பும் ரயிலின் நேரத்தை மஹவவில் இறங்கியவுடனேயே கேட்டு வைப்பது அவசியம்.

கேள்வி: போர்த்துக்கேயருடன் கண்டி அரசர்கள் போரிட்ட மலைக்கோட்டை ஏதேனும் குளிரான பகுதியில் உண்டா? (பம்பலப்பிட்டி வாசகர்)

பதில்: கடுகண்ணாவைக்குப் பக்கத்தில் பலன இருக்கிறது. கண்டி ரயில் பாதையில் அதே பெயரில் ஒரு சிறு நிலையமும் உண்டு. மெதுவாகப் போகும் ரயில்களே நிற்கும். கண்டி இராச்சியத்துக்கு ஏறும் கணவாயைக் காத்த இடம் அது. 1594இல் கண்டிக்குள் புகுந்த போர்த்துக்கேயப் படை தந்துரையில் அழிந்தது. 1603இல் அவர்கள் பலனவைக் கைப்பற்றினாலும், தங்கள் படையிலிருந்த லஸ்கரீன் எனப்படும் உள்ளூர் வீரர்கள் கைவிட்டதால் வந்த வழியே பின்வாங்க நேர்ந்தது. கோட்டை என்று சொல்ல இன்று அங்கே அதிகமில்லை. சில கல்வரிசைகளும், கீழே சமவெளி வரைக்கும் விரியும் காட்சியும்தான். அந்தக் காட்சியே அங்கே ஏன் காவல் வைத்தார்கள் என்பதற்கு விடை.

உண்மையான குளிர் வேண்டுமானால் பண்டாரவளைக்குப் போய்த் தங்கி, பதுளைத் தெருவிலுள்ள தோவ குகை விகாரையைப் பாருங்கள். பாறையில் செதுக்கத் தொடங்கி முடிக்காமலே விட்ட, 38 அடி உயரமான புத்தர் அங்கே நிற்கிறார். மலைப்பகுதிகளுக்குப் புறப்படும் முன்பு, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்த்துவிட்டுப் போவது எந்தப் பருவத்திலும் நல்லது.

கேள்வி: இரவு தங்க முடியாது, ஒரே நாளில் போய்வர வேண்டும். மகனுக்குப் பத்து வயது. கற்கால மனிதரைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறான். (மோதரை வாசகி)

பதில்: களுத்துறை மாவட்டத்திலுள்ள பாஹியன்கலைக் குகை அவனுக்காகவே இருப்பதுபோல் இருக்கும். கொழும்பிலிருந்து ஹொரணை வழியாகப் புளத்சிங்களவுக்குப் போய், அங்கிருந்து சில கிலோமீற்றர்கள். சீனத் துறவி பாஹியன் தங்கியதாக ஊரார் சொல்வதற்குச் சான்று இல்லை. ஆனால் அதைவிடப் பெரிய சான்றுகளை அந்த மண் வைத்திருந்தது. ஏறக்குறைய 45,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே வாழ்ந்தவர்கள், மரத்துக்கு மரம் தாவும் குரங்குகளையும் மலையணில்களையும் வேட்டையாடி உண்டார்கள் என்பதை 2019இல் வெளியான ஆய்வு காட்டியது. அடுத்த ஆண்டு, அங்கே கிடைத்த எலும்பு முனைகள் அம்பு முனைகளே என்றும், அவற்றில் பழையவை சுமார் 48,000 ஆண்டுகளுக்கு முந்தையவை என்றும், ஆபிரிக்காவுக்கு வெளியே வில்லம்புக்கு அதுவரை கிடைத்த மிகப் பழைய சான்று அதுவே என்றும் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். மழைக்காட்டில் பெரிய விலங்கு குறைவு. மர உச்சியில் ஓடும் சிறு விலங்கை வீழ்த்தத் தொலைவிலிருந்து எய்யும் கருவி வேண்டும். இதை மகனிடம் கேள்வியாகக் கேட்டுப் பாருங்கள். பதிலை அவனே கண்டுபிடித்துவிடுவான்.

குகைக்குள் இப்போது விகாரையும் சயனபுத்தரும் இருப்பதால் உடையில் கவனம் வேண்டும். ஏறும் படிகள் பத்து வயதுப் பிள்ளைக்குக் கஷ்டமில்லை. மழை பெய்திருந்தால் அட்டைக்குச் சவர்க்காரமோ உப்போ கொண்டுபோங்கள். மதியச் சாப்பாட்டுக்குச் சோற்றுப் பார்சலை வீட்டிலிருந்தே கட்டிக்கொள்வது நிச்சயமானது.